மாப்பிள்ளை என்ஜின்

குருவுக்கு நாற்பத்து மூன்று வயது. சீடருக்கு ஐம்பத்தாறு. குரு சீடரை "அண்ணா" என்று கூப்பிடுவார். சீடர் குருவை "அம்மணி" என்பார். இதில் இரண்டு பேருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் கொஞ்ச நாள் ஆகும்.

குருவின் பெயர் துளசிமணி. கோவைக்கு வெளியே, கருமத்தம்பட்டியைத் தாண்டி இருக்கிற ஒரு டீசல் என்ஜின் கம்பெனியில் சோதனைப் பிரிவு அவர் பொறுப்பு. அங்கே செய்கிற ஒவ்வொரு என்ஜினும் அவர் காதைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பது போலத்தான்.

சீடர் மருதாசலம். என்ஜினைப் பூட்டுகிற அசெம்பிளி பிரிவுக்குத் தலைவர். இருபத்தெட்டு வருட சர்வீஸ். துளசிமணி டிப்ளமோ முடித்துப் பயிற்சிக்கு வந்த அன்று, "பொம்பளப் புள்ளைக்கு இங்க என்னம்மா வேலை?" என்று கேட்ட புண்ணியவான் அவர்தான்.

பிறகு ஒரு நாள், ஏழு முறை பிரித்துப் பூட்டியும் தட்டிக்கொண்டே இருந்த ஒரு என்ஜினைத் துளசிமணி அரை நிமிடம் கேட்டுவிட்டு, "நாசிலுங்கண்ணா" என்றார். டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கிற சின்ன மூக்கு அது. பார்த்தால் நாசில்தான். அன்றிலிருந்து மருதாசலம் சீடர். யாரும் சேர்த்துவிடவில்லை, அவராகவே சேர்ந்துகொண்டார்.

குருதட்சிணை ஒரு தேங்காய் பன். தினமும் பத்து மணி டீக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார். துளசிமணி பன்னைச் சாப்பிடுவார். பதில் சில நாள் வரும். சில நாள் பன்னோடு சேர்ந்து உள்ளே போய்விடும்.

போன வருடம் கம்பெனிக்குக் கெட்ட காலம். அவர்கள் படகுகளுக்குச் செய்துவந்த பழைய என்ஜின் டீசலை மடமடவென்று குடித்தது, கரும்புகை கக்கியது. டீசல் விலை ஏற ஏற ஆர்டர் இறங்கியது. எழுபத்திரண்டு பேரில் நாற்பத்திரண்டு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது.

அந்த நாற்பத்திரண்டு பேரையும் முன் கேட்டில் நிற்கவைத்து, காகிதத்தைப் பார்த்துப் பெயர் படித்தவர் மருதாசலம். முதலாளி சொன்னார், அவர் படித்தார். படித்து முடித்ததும், "நல்ல காலம் வந்தா நானே கூப்பிடறேனுங்க" என்று சொல்லிவிட்டார். அதை யாரும் சொல்லச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவர் முன் கேட் வழியாக வருவதில்லை. பின்பக்கம், குப்பை லாரி வருகிற வழியாக வருவார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சட்டை மாறும்போது காகிதமும் அடுத்த பைக்கு மாறும்.

இந்த வருடம் புது என்ஜின் வந்தது. பழைய என்ஜின் மணிக்கு மூன்று லிட்டர் குடித்த அதே வேலைக்கு இது இரண்டு லிட்டர்தான் குடிக்கும். வரைபடம் அப்படித்தான் சொன்னது.

நாகப்பட்டினம் பக்கத்துப் படகுக்காரர் சங்கம் ஒன்று அதைப் பார்க்க வருவதாகக் கடிதம் போட்டது. அவர்களிடம் நானூற்று எண்பது படகுகள். புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை வருவார்கள். பிடித்திருந்தால் எல்லாப் படகுக்கும் வாங்குவார்கள்.

"ஆர்டர் வந்தா ஆளைக் கூப்பிடலாமுங்களா?" என்று மருதாசலம் முதலாளியிடம் கேட்டார்.

"வரட்டும், பார்க்கலாம்" என்றார் முதலாளி.

அன்று பத்து மணிக்கு மருதாசலம் பன்னோடு வந்தார்.

"அம்மணி, ஒரு சந்தேகமுங்க."

"சொல்லுங்கண்ணா."

"அதே இரும்பு. அதே டீசல். முன்னால மூணு குடிச்சது, இப்ப ரெண்டு குடிக்குதுங்கறாங்க. அந்த ஒரு லிட்டர் எந்த எடத்துல மிச்சமாகுதுங்க?"

துளசிமணி பன்னைப் பாதி சாப்பிட்டார். பிறகு எழுந்து போய், மேசை இழுப்பறையில் இருந்த ஸ்டாப் வாட்சை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார்.

"பன்னெண்டு என்ஜின் ரெடியா நிக்குது. ஒவ்வொண்ணா ஓட்டிப் பாருங்கண்ணா."

சோதனை எளிதானதுதான். அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் நூறு மில்லி டீசல் ஊற்ற வேண்டும். என்ஜினுக்குச் சுமை கொடுத்து ஓட்ட வேண்டும். குழாய் காலியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். பழைய என்ஜின் இரண்டு நிமிடத்தில் காலி செய்துவிடும். புதியது மூன்று நிமிடம் தாங்க வேண்டும். சங்கத்தின் கடிதத்திலும் அதே மூன்று நிமிடம்தான் எழுதியிருந்தது.

மருதாசலம் ஒரு நாள் முழுக்க ஓட்டினார். பன்னிரண்டில் ஒன்றுகூட மூன்று நிமிடம் தொடவில்லை. இருந்ததிலேயே நல்லது இரண்டு நிமிடம் ஐம்பத்தாறு வினாடி. ஏழாம் நம்பர் இரண்டு முப்பத்தெட்டு. அதன் பக்கவாட்டில் பெயின்ட்டும் வழிந்து கிடந்தது.

அவர் துளசிமணியிடம் ஸ்டாப் வாட்சைத் திருப்பிக் கொடுத்தார்.

"எடம் தெரிஞ்சுதுங்களாண்ணா?"

"இல்லீங்க."

"சரி" என்றார் துளசிமணி.

அந்த ஊர்ப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. கண்காட்சிக்கோ பெரிய ஆள் பார்வைக்கோ போகிற என்ஜினை மற்ற என்ஜின்களோடு சேர்த்துச் செய்ய மாட்டார்கள். இருப்பதிலேயே நல்ல பாகமாகப் பொறுக்கி, ஒரு கைதேர்ந்த ஆள் தனியாக உட்கார்ந்து பூட்டுவார். இரண்டு தடவை பெயின்ட் அடிப்பார்கள். அதற்குப் பெயர் மாப்பிள்ளை என்ஜின். மாப்பிள்ளை என்ஜின் செய்வதில் மருதாசலத்தை மிஞ்ச அவிநாசி ரோட்டில் ஆள் கிடையாது. இது அவரே சொன்னதல்ல, எதிர்க் கம்பெனிக்காரர்கள் சொன்னது.

மருதாசலம் மூன்று நாள் ஓரமாகத் தனி மேசை போட்டுக்கொண்டார். யாரோடும் பேசவில்லை. டீக்குக்கூட வராமல், பன்னை மட்டும் ஆள் மூலம் அனுப்பினார். நாலாம் நாள் காலை மாப்பிள்ளை தயார். நீலப் பெயின்ட்டில் முகம் தெரிந்தது.

துளசிமணி ஓட்டிப் பார்த்தார். மூன்று நிமிடம் ஆறு வினாடி.

ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து வெகுநேரம் கேட்டார். "அருமையா இருக்குதுங்கண்ணா" என்றார். அதை அவர் மனதாரச் சொன்னார். மருதாசலத்துக்குக் காது மடல் சூடாகியது. இத்தனை வருடத்தில் துளசிமணி இப்படிச் சொன்னது இரண்டாவது தடவை.

"அப்ப வெள்ளிக்கிழமை இதையே காட்டிரலாமுங்க."

"காட்டலாம். இது மாதிரி இன்னொண்ணு செய்ய எத்தனை நாளாகும்?"

"மூணு நாளாகுமுங்க."

"நானூத்தி எம்பது செய்ய?"

மருதாசலம் கணக்குப் போட்டார். "ஆயிரத்து நானூத்திச் சொச்சம் நாள். லீவே போடலைன்னா நாலு வருசம்."

"நல்லது. நாலு வருசத்துக்கு உங்க ஒருத்தருக்கு வேலை இருக்குது" என்றார் துளசிமணி.

மருதாசலத்துக்குச் சுருக்கென்றது.

"அம்மணி, ஊரு ஒலகத்துல யாருமே பண்ணாததையா நான் பண்ணிப்போட்டேன்? ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு பெரியவங்க சொல்லலீங்களா? ஆர்டர் வரட்டும். பொறவு பாத்துக்கலாம்."

"கல்யாணம் ஒரு நாளுங்கண்ணா. பொண்ணு வாழ வேண்டாமுங்களா?"

"நாப்பத்திரண்டு குடும்பமுங்க!" என்று மருதாசலம் சத்தம் போட்டார். சோதனை அறையில் சத்தம் போடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. "நான் படிச்ச பேருங்க அத்தனையும். எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. உங்களுக்கென்ன தெரியும்?"

துளசிமணி ஸ்பேனர் பெட்டியை எடுத்துவந்து, மாப்பிள்ளை என்ஜினைப் பிரிக்கத் தொடங்கினார்.

மருதாசலம் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்று நாள் உழைப்பு கண் முன்னால் துண்டு துண்டாக மேசையில் ஏறியது. சிலிண்டரை மூடுகிற ஹெட், பிஸ்டன், வால்வு, பம்ப், நாசில். துளசிமணி எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தார். சுவரில் பழைய கரும்பலகை ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் போய்ச் சாக்பீஸோடு நின்றார்.

"இந்த நாசிலை ஏனுங்கண்ணா எடுத்தீங்க?"

மருதாசலம் வாசலைப் பார்த்தார்.

"பெட்டியில இருபது இருந்துது. இதை ஏன் எடுத்தீங்க?"

"நான் போறனுங்க" என்று மருதாசலம் போய்விட்டார்.

மறுநாள் பத்து மணிக்குப் பன் வரவில்லை. துளசிமணி வெறும் டீ குடித்தார். கரும்பலகை காலியாக இருந்தது. மேசையில் பாகங்கள் வைத்தபடியே கிடந்தன. யாராவது எடுத்து ஒதுக்கப் போனால், "இருக்கட்டும், அண்ணன் வருவாரு" என்றார்.

அதற்கு அடுத்த நாள் மருதாசலம் இரண்டு பன்னோடு வந்தார். ஒன்று நேற்றைக்கு உரியது.

"இருபதையும் தெளிச்சுப் பாத்தேனுங்க" என்றார், நேற்று முன்தினம் விட்ட இடத்திலிருந்து. "மத்ததெல்லாம் ஏதோ தெளிச்சுது, கடைசியில ரெண்டு சொட்டு வழிஞ்சுது. இது ஒண்ணுதான் மார்கழிப் பனி மாதிரி தெளிச்சுது. வழியவே இல்லை."

"வழியற சொட்டு என்ன ஆகுமுங்க?"

"எரியாம புகையாப் போயிருமுங்க."

துளசிமணி பலகையில் எழுதினார்: நாசில் வழியக் கூடாது.

"இந்தத் தகடு?"

"அது பம்ப்புக்கு அடியில போடறதுங்க. தகடு தடிச்சா டீசல் லேட்டாப் பாயும், மெலிஞ்சா சீக்கிரமே பாயும். நாம எப்பவும் ரெண்டு தகட்டைப் போட்டு முடுக்கிருவோம். இதுக்கு அளந்து போட்டேன்."

எழுதினார்.

"ஹெட்டு?"

"பிஸ்டன் மேல வந்து நிக்கறப்ப அதுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல மயிரிழை சந்து இருக்கோணும். ஈயக் கம்பியை உள்ள வெச்சு நசுக்கி, அது எவ்வளவு தட்டையாச்சுன்னு பாத்தேனுங்க. மூணு தடவை பாத்தேன்."

இப்படியே போயிற்று. வால்வை எப்படி உட்கார வைத்தார், பிஸ்டன் வளையங்களை எப்படிப் பொருத்தினார், எந்த போல்ட்டை முதலில் முடுக்கினார், ஏன். மருதாசலம் சொல்லச் சொல்ல அவருக்கே வியப்பாக இருந்தது. இதையெல்லாம் அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. கை பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. பதினோரு வரி ஆயிற்று.

"மத்த பன்னெண்டு என்ஜினுக்கு ஏனுங்கண்ணா இதைச் செய்யலை?"

"ஏனுங்க, வெளையாடறீங்களா? நேரம் ஏது? இருக்கற முப்பது பேரு ஒரு நாளைக்கு ஆறு என்ஜின் பூட்டோணும். இத்தனையும் பாத்துப் பாத்துச் செய்ய ஆளுக்கு எங்க போறது?"

துளசிமணி பதினோரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு மேலே "பேர்" என்று எழுதினார். முதல் வரிக்கும் நாலாம் வரிக்கும் அங்கே வேலை செய்கிறவர்கள் பெயரைப் போட்டார். மேலும் இரண்டு வரிக்குப் போட்டார். மீதி ஏழு வரிக்கு நேராக எதுவும் எழுதவில்லை.

"அம்மணி, நாசிலுக்கு நேரா ஆளு போடலீங்க."

"அதுக்கு யாருங்கண்ணா சரியா இருப்பாங்க?"

மருதாசலம் யோசிக்கவே இல்லை. "கருணாம்பிகைதானுங்க. அந்தப் புள்ளை கண்ணுக்கு ஒரு சொட்டுத் தப்பாது. ஆனா அது இப்ப இங்க..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

கருணாம்பிகை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப் பையில் இருந்த காகிதத்தில் அவள் பெயர் பதினேழாவது.

துளசிமணி பன்னை எடுத்துக்கொண்டார். இரண்டாவது பன்னைப் பிய்த்து அவருக்கும் பாதி கொடுத்தார்.

அன்று மதியமே முப்பது பேரையும் பலகை முன்னால் நிற்கவைத்து, மருதாசலம் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தார். குரு ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். அந்தப் பன்னிரண்டு என்ஜினையும் பிரித்தார்கள். வழிந்த நாசிலை எல்லாம் தேய்த்துச் சரிசெய்து, ஆறு நாளில் பன்னிரண்டையும் மறுபடி பூட்டினார்கள். நாளைக்கு ஆறு போட்ட இடத்தில் இரண்டு. ஏழு வரிக்கு ஆளில்லாததால் ஒவ்வொருவரும் இரண்டு பேர் வேலையைச் செய்தார்கள். மாப்பிள்ளையின் பாகங்களும் மற்ற பாகங்களோடு கலந்து எந்தெந்த என்ஜினுக்கோ போய்விட்டன.

வெள்ளிக்கிழமை காலை சங்கத்திலிருந்து அஞ்சம்மாள் வந்தார். அவர்தான் தலைவர். ஐம்பது வயதிருக்கும். மூன்று படகு வைத்திருக்கிற குடும்பம். பேச்சில் உப்பும் இருந்தது, காரமும் இருந்தது.

முதலாளி பூச்செண்டு கொடுத்தார். அஞ்சம்மாள் அதை வாங்கிப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, "என்ஜின் எங்க?" என்றார்.

பன்னிரண்டும் வரிசையாக நின்றன.

"இதுல எதைக் காட்டப் போறீங்க?"

"நீங்களே எடுத்துக்குங்கம்மா" என்றார் துளசிமணி.

அஞ்சம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தார். "நெசமாவா தங்கச்சி? போன மாசம் ஒரு கம்பெனிக்குப் போனோம். தனியா ஒண்ணை மாலை போட்டு வச்சிருந்தாங்க. மத்ததைத் தொட்டதுக்கு மேனேஜர் மூஞ்சி வெளுத்துப்போச்சு."

மருதாசலம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

"பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்று சொல்லிக்கொண்டே அஞ்சம்மாள் வரிசையில் நடந்தார். கடைசியில் நின்றார். "இந்தா, இதை ஓட்டுங்க. பெயின்ட்டு வழிஞ்சுகெடக்கு பாரு, இதுதான் உண்மை பேசும்."

ஏழாம் நம்பர்.

போன முறை இரண்டு முப்பத்தெட்டில் காலியானது. மறுபடி பூட்டியதை எல்லாம் ஒரு முறை ஓட்டிப் பார்த்திருக்கலாம், அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அவர் துளசிமணியைப் பார்த்தார். துளசிமணி ஸ்டாப் வாட்சை அவரிடம் நீட்டினார். மருதாசலம் தலையாட்டி மறுத்தார். அஞ்சம்மாளே வாங்கிக்கொண்டார்.

என்ஜின் ஓடியது. குழாயில் டீசல் இறங்கத் தொடங்கியது.

அஞ்சம்மாள் இடுப்பில் செருகியிருந்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துப் புகைக்குழாய் வாயருகே பிடித்தார். "எங்க தொறையில தண்ணி மேல எப்பவும் எண்ணெய் மெதக்கும். பொடி மீனு வர்றதே இல்ல. மீனை வித்தா, டீசல் வாடை அடிக்குதுன்னு மூக்கைப் பொத்துறாங்க. மிச்சம் மட்டும் பாக்க நான் வரல அண்ணே" என்று மருதாசலத்திடம் சொன்னார். மருதாசலத்துக்குப் பாதிதான் காதில் விழுந்தது. அவர் கண் குழாயில் இருந்தது.

இரண்டு நிமிடம். குழாயில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. இரண்டரை. இரண்டு முப்பத்தெட்டு. டீசல் இன்னும் இருந்தது. இரண்டு ஐம்பது. கடைசிக் கோட்டுக்கு மேலே கொஞ்சம். முதலாளி கைக்கடிகாரத்தையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணு, ரெண்டு" என்றார் அஞ்சம்மாள். மூன்று நிமிடம், இரண்டு வினாடி.

கைக்குட்டையை விரித்துப் பார்த்தார். லேசாகச் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. "எங்க என்ஜினுக்கு இந்நேரம் தாருல முக்குன மாதிரி ஆகியிருக்கும்" என்றார்.

மருதாசலம் பக்கத்தில் இருந்த தூணில் சாய்ந்துகொண்டார்.

"பதமாத்தான் வெந்திருக்கு" என்ற அஞ்சம்மாள், "இருந்தாலும் இன்னும் ரெண்டு சோத்தைப் பாத்துடுறேன்" என்றார். மேலும் இரண்டைக் காட்டினார். ஓட்டினார்கள். ஒன்றுக்கு மூன்று நிமிடம் நாலு வினாடி. மற்றொன்றுக்கு மூன்று நிமிடம் ஒரு வினாடி.

அதற்குத்தான் அவர் முகம் மலர்ந்தது. "எல்லாம் ஒண்ணு போலக் குடிக்குதே! அதான் வேணும். ஒருத்தன் படகு கம்மியாக் குடிச்சு, பக்கத்துப் படகு அதிகமாக் குடிச்சா, எங்க கரையில சண்டை ஓயாது. வெலை கூடத்தானே?"

"கொஞ்சம் கூடத்தானுங்கம்மா" என்றார் முதலாளி.

"மணிக்கு ஒரு லிட்டரு மிச்சம். அது பாத்துக்கும். நானூத்தி எம்பது. மார்கழி கடைசிக்குள்ள வேணும். தை பொறந்தா கடல் அமந்துடும், எங்க ஆளுங்க கரையில நிக்க மாட்டாங்க."

அஞ்சம்மாள் போனபின் முதலாளி காகிதத்தில் கணக்குப் போட்டார். அவர் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை.

"நூறு வேலை நாள் இருக்குது. நாளைக்கு ஆறு போட்டா எம்பதே நாள். இருக்கற முப்பது பேரே போதும்!"

மருதாசலத்துக்கு முகம் விழுந்துவிட்டது. இந்தக் கணக்கை அவர் போட்டுப் பார்த்ததே இல்லை.

"ஆறு போட்டா மூணு நிமிசம் நிக்காதுங்க" என்றார் துளசிமணி.

"அப்ப எத்தனை?"

"முப்பது பேருக்கு ரெண்டு."

முதலாளி மறுபடி கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் ஐப்பசி போய், தை போய், சித்திரையும் போயிற்று. எழுபத்திரண்டு பேர் என்று போட்டால் சரியாக நூறு நாள் வந்தது. எழுந்து பலகை முன்னால் போய் நின்றார். பதினோரு வரியையும் படித்தார். பெயர் இல்லாத ஏழு இடத்தையும் பார்த்தார். நல்ல மனுஷன்தான், கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

"மருதாசலம், போன வருசத்து லிஸ்டு ஆபீஸ்ல இருக்குதுங்களா?"

மருதாசலம் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. வியர்வை பட்டு ஓரத்தில் மை கரைந்திருந்தது. முதலாளி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாங்காமல் அவர் கையிலேயே மடக்கி வைத்தார்.

"திங்கக்கிழமை வரச் சொல்லுங்க. எல்லாத்தையும்."

மருதாசலம் அங்கேயே அழுதார். அதில் அவருக்கு வெட்கம் இல்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் முன் கேட் வழியாக வந்தார். வாட்ச்மேன் அடையாளம் தெரியாதவர் போல எழுந்து நின்றார், கிண்டலுக்குத்தான். கேட்டுக்கு வெளியே டிபன் கேரியரோடு நாற்பத்திரண்டு பேரும் நின்றார்கள். சிலர் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கருணாம்பிகை சேலை முந்தானையில் பனியன் நூல் பிசிறு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

வெறுமனே கேட்டைத் திறந்துவிட்டாலே உள்ளே வந்திருப்பார்கள். மருதாசலம் சம்மதிக்கவில்லை. கேட்டருகே, போன வருடம் நின்ற அதே லாரி எடை மேடையின் விளிம்பில் ஏறி நின்றார். அதே காகிதத்தைப் பிரித்தார். பெயர் படித்தார். படிக்கப் படிக்க ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். சிலர் அவர் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும், "ஒரு வருசம் ஆச்சுங்களே" என்று முறைத்துவிட்டுப் போனார். அவர் முறைத்ததும் மருதாசலத்துக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

துளசிமணி கேட் ஓரமாக நின்றார். கையில் அன்றைய பன். இன்று அது எட்டு மணிக்கே வந்துவிட்டது.

பதினாறாவது பெயர் ஆனதும் மருதாசலம் நிறுத்தினார். அடுத்தது கருணாம்பிகை. கண்ணைத் துடைத்துக்கொண்டு துளசிமணி பக்கம் திரும்பினார்.

"அம்மணி, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலீங்க."

"எதுக்குங்கண்ணா?"

"அந்த ஒரு லிட்டர் டீசல் எந்த எடத்துல மிச்சமாகுதுன்னு கேட்டனுங்களே."

துளசிமணி பன்னை ஒரு கடி கடித்தார். மென்று முழுங்கினார்.

"அடுத்த பேரைப் படிங்கண்ணா" என்றார்.